ஒலிக்காத எழுத்து

ஹல், 17 செப்டம்பர் 1974

அன்புள்ள கிளிஃப்,

இடது முழங்காலைத் தவிர நான் முழுசாக நலம். உன் மனைவி ஒடிலின் தலைவலி இப்போது எப்படி? உன் மகள் மிரேய் எந்த வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்று போன கடிதத்திலும் கேட்டேன், நீ சொல்லவில்லை.

இரண்டு செய்தி. வருகிற ஜூலையோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்கள் இணைப்புப் பலகைகளைக் கழற்றுகிறார்கள். இனிமேல் லண்டனோ லிமோஜோ, எண்ணைச் சுழற்றினால் தானாகப் போய்ச் சேருமாம். நடுவில் ஐவி தாக்ரே என்று ஒருத்தி வேண்டியதில்லை. அடுத்தது, நம் தெருவை இடிக்கப் போகிறார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். "பதினோராவது மாடில ஃபிளாட் தர்றோம்மா. ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியும்" என்றார். "லிஃப்ட் நின்னுபோனா என்ன தெரியும்?" என்று கேட்டேன். மார்ச்சுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

எனக்குக் கவலை இல்லை. "வேலையை விட்டதும் இங்க வந்துடு, முற்றத்துப் பக்க அறை உனக்குத்தான்" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கார்டுகளிலும் எழுதியிருக்கிறாய். அம்மா போன பிறகு உன்னை வளர்த்ததற்கு நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதையும் நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய்.

ஆனால் ஊமை மாதிரி வந்து இறங்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்து அறை. நாற்காலிகள் குழந்தைகளுக்கானவை, உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. "உங்களுக்கு ஏற்கெனவே என்ன பிரெஞ்சு தெரியும்?" என்று மிஸ் பெலாமி ஒவ்வொருவராகக் கேட்டார். கசாப்புக்கடை ஓல்ட்ராய்ட் "ஷாம்பெய்ன்" என்றார். நான் "ந கித்தே பா" என்றேன். இணைப்பு கிடைக்கும்வரை பாரிஸ் ஆபரேட்டர்கள் வருடக்கணக்காக என் காதில் சொன்னது. 'பொறுங்கள்' என்ற அர்த்தத்தில் ஒரே வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று வார்த்தையாம். 'விட்டுப் போகாதீர்கள்' என்று அர்த்தமாம். இவ்வளவு காலம் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

ஒடிலிடம் இப்போதைக்குச் சொல்லாதே. வழக்கம்போலத் தொழிற்சாலை முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் விழும் கடிதங்களை இன்னுமா நத்தைகள் தின்கின்றன?

அன்புடன்,
ஐவி


லிமோஜ், 20 அக்டோபர் 1974

அன்புள்ள ஐவி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒடில் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்.

பிரெஞ்சா? இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை? நான் இத்தனை வருடம் இங்கே இருந்தும் ரொட்டிக்கடைக்காரி என்னைத் திருத்துகிறாள். ஒரு வினைச்சொல்லைப் பிடித்தால் அது நாற்பது முகம் காட்டும். நான்தான் இருக்கிறேனே! நீ சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை உனக்கும் நான்தானே சொல்லிவந்தேன். 1965இல் அவள் ஹல்லுக்கு வந்தபோது ஏதாவது குறை இருந்ததா?

பதினோராவது மாடி என்றால் நல்ல காற்று வரும். அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நீ இங்கே வருவாய், நிச்சயம் வருவாய். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எல்லாம் கூடி வர வேண்டும்.

இங்கே விடாத மழை. நத்தைகள் கொழுத்துத் திரிகின்றன. தொழிற்சாலைக்கே எழுது.

உன் தம்பி,
கிளிஃப்


ஹல், 26 நவம்பர் 1974

அன்புள்ள கிளிஃப்,

ஆற்றில் பனி. இரவெல்லாம் படகுகள் ஊதுகின்றன, தூக்கம் இல்லை. அதைத் தவிர நலம். உங்கள் மூவர் நலத்தையும் எழுது. 'எல்லோரும்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாக எழுது.

இறந்தகாலம் தொடங்கிவிட்டோம். சாப்பிட்டேன், வாங்கினேன், தொலைத்தேன் என்று சொல்ல 'வைத்திருக்கிறேன்' என்ற துணை போடுகிறார்கள். போனேன், வந்தேன், பிறந்தான், செத்தான் என்று சொல்ல 'இருக்கிறேன்' போடுகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் 'தங்கினேன்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். ஓல்ட்ராய்ட் விடவில்லை. "போறவன், வர்றவன், சாகறவன் எல்லாம் சரி. எங்கேயும் போகாம உக்காந்திருக்கறவன் இந்தக் கூட்டத்துல என்னங்க பண்றான்?" என்று கேட்டார். மிஸ் பெலாமி, "அது அப்படித்தாங்க. கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணுங்க" என்று முடித்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. நீ போனாய், நான் தங்கினேன். பிரெஞ்சுக்காரன் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறான்.

எதிர்காலமும் இரண்டு இருக்கிறதாம். ஒன்று 'போகப் போகிறேன்'. கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவர் சொல்வது. இன்னொன்று 'போவேன்'. அது என்றைக்கோ. நீ 'நிச்சயம் வருவாய்' என்று எழுதியிருந்தாயே, ஆங்கிலத்தில் அது எது என்று தெரியவில்லை. பிரெஞ்சில் எழுதிக் காட்டு பார்க்கலாம்.

மிரேய்க்குச் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன். ஒன்பது வயதுக்கு எந்த அளவு என்று தெரியாமல், எங்கள் மேற்பார்வையாளரின் மகளை நிற்க வைத்து அளவெடுத்தேன். பொத்தான்களை மட்டும் கடையில் தேடித் தேடி வாங்கினேன், ஆமை வடிவம்.

அன்புடன்,
ஐவி


லிமோஜ், 14 ஜனவரி 1975

அன்புள்ள ஐவி,

புத்தாண்டு வாழ்த்துகள். தாமதத்துக்கு மன்னி, தொழிற்சாலையில் தலைக்கு மேல் வேலை. எல்லோரும் நலம். ஒடில் நலம், குழந்தையும் நலம், நானும் நலம். தனித்தனியாக எழுதிவிட்டேன், திருப்தியா?

ஸ்வெட்டர் வந்தது. அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கழற்றவே மாட்டேன் என்கிறாள். ஆமைப் பொத்தான்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருக்கிறாள்.

நீ வருவதைப் பற்றி ஒடில் சொல்வது, குளிர்காலம் முடியட்டும் என்று. இங்கே குளிரில் அறைகளைச் சூடாக்குவது கஷ்டம். முற்றத்துப் பக்க அறைக்குச் சுவரில் ஈரம் வேறு. பார்த்துக்கொள்ளலாம்.

கிளிஃப்


ஹல், 11 பிப்ரவரி 1975

அன்புள்ள கிளிஃப்,

ஆமைகளுக்குப் பெயர் வைத்தாள் என்று படித்ததும் எக்ஸ்சேஞ்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முழங்கால் கூட அன்று வலிக்கவில்லை. நீங்கள் மூவரும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும்.

ஈரச் சுவரைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பா காலத்திலிருந்து ஈரச் சுவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். மாநகராட்சிக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, அப்புறம் கேட்டா கிடைக்காது" என்றார் அந்த மனிதர். "என் தம்பி வீட்டுல எனக்கு அறை இருக்கு" என்றேன். அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

வகுப்பில் இப்போது பெரிய கண்டம் ஒன்றைத் தாண்டுகிறோம். இறந்தகாலத்திலேயே இரண்டு. ஒன்று முடிந்துபோனதற்கு. கதவைச் சாத்தினான் என்றால் சாத்தினான், அவ்வளவுதான். மற்றது நடந்துகொண்டே இருந்ததற்கு. மழை பெய்துகொண்டிருந்தது, அவர் அங்கே குடியிருந்துவந்தார், தினமும் விசிலடிப்பார் என்கிற மாதிரி. எப்போது நின்றது என்று அந்த வினைச்சொல் சொல்லாது. நாம் ஆங்கிலத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறோம். "மழை நின்னுச்சா இல்லையான்னு இவங்களுக்கு எதுக்குங்க அவ்ளோ அக்கறை?" என்றார் ஓல்ட்ராய்ட். "குடை எடுக்கணுமே" என்றார் மிஸ் பெலாமி.

இன்னொரு கண்டம், நாய்க்கும் ராணிக்கும் நமக்கு ஒரே 'யூ'. அங்கே நீ என்றும் நீங்கள் என்றும் பார்த்துப் பேச வேண்டும். ஒடிலை நான் எப்படிக் கூப்பிடட்டும்? அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள்? கேட்டு எழுது.

ஒரு ஆச்சரியம் தயாராகிக்கொண்டிருக்கிறது. சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
ஐவி


(பிரெஞ்சில் எழுதியது, லிமோஜில் உள்ள வீட்டு முகவரிக்கு)

ஹல், 2 மார்ச் 1975

அன்பான ஒடில்,

இது நான், ஐவி. நான் கிளிஃபோர்டின் அக்காவாக இருக்கிறேன். நான் ஐம்பத்திரண்டு வருடங்களாக இருக்கிறேன். நீங்கள் எப்படிப் போகிறாய்? தலைவலிகள் எப்படிப் போகின்றன?

இந்தக் கடிதத்தை நான் தனியாக எழுதினேன். அகராதி எனக்கு உதவினான். அவன் நல்லவன் ஆனால் மெதுவானவன்.

என் வீடு வயதானவள். அவளை இடிப்பார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, இருக்கிறது, இருக்கும். எந்தக் காலம் சரியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடம் முன்பு நீ என் மேசைக்கு வந்தீர்கள். நீங்கள் கொஞ்சம் சாப்பிட்டாய். பிறகு நீங்கள் ஒருபோதும் திரும்பி வருவதில்லை. நான் இல்லாமல் நீங்கள் எல்லா வருடங்களிலும் ஏங்கினீர்கள். உங்கள் மகளும் நான் இல்லாமல் ஏங்குகிறாள். இதை நான் எப்போதும் சொல்ல விரும்பினேன், ஆனால் என் வாயில் பிரெஞ்சு பிறக்கவில்லை.

ஜூலையில் நான் முற்றத்துப் பக்க அறைக்கு வரப் போகிறேன். நான் சமைப்பேன். நான் சத்தம் போட மாட்டேன். சிவப்பு ஸ்வெட்டருக்குள் மிரேய் அழகாக இருந்துகொண்டிருக்கிறாளா?

உங்கள் வீட்டில் இருக்கும் எல்லோரையும் முத்தமிடுகிறேன்.

ஐவி


லிமோஜ், 4 ஏப்ரல் 1975

அன்புள்ள ஐவி,

நலம்தானே? இங்கே வசந்தம் வந்துவிட்டது, எல்லோரும் நலம். ஒடில் தோட்டத்தில் ஏதோ நட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஃபிளாட்டை வேண்டாம் என்று சொன்னாயா? என்ன ஐவி இது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. திரும்பப் போய்ப் பேசிப் பார். முழங்காலைக் காட்டினால் கொடுப்பார்கள். ஜூலை என்று நான் சொல்லவே இல்லை. ஜூலையில் இங்கே வெயில் தாங்காது, ஒடிலின் தலைவலியும் அப்போதுதான் கூடும்.

ஆச்சரியம் என்று எழுதியிருந்தாயே, அது என்ன? எனக்கு ஆச்சரியங்கள் ஒத்துவராது என்று உனக்குத் தெரியும்.

கிளிஃப்


(பிரெஞ்சிலிருந்து)

பெல்லாக், 6 ஏப்ரல் 1975

மத்மொஸெல் தாக்ரே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அங்கே இப்போது குடியிருப்பவர்கள் கைமாற்றிவிட்டு, என் அம்மாவின் வீட்டில் எனக்குக் கிடைத்தது. நானும் மகளும் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத் தலைவலி என்று உங்களிடம் யார் சொன்னது? எனக்குத் தலைவலி வந்ததே இல்லை.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 'நான் இல்லாமல் நீங்கள் ஏங்கினீர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். என்ன திமிர் என்று கடிதத்தை அலமாரிக்கு மேல் எறிந்தேன். மறுநாள் துணி தேய்க்கும்போது திடீரென்று புரிந்தது. இந்த வினைச்சொல் உங்கள் மொழியில் தலைகீழாக நிற்கிறது. ஆங்கிலேயர்கள் எல்லோரும் இதில் விழுவார்கள், கிளிஃபோர்டும் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் விழுந்தார். 'நான் இல்லாமல் நீங்கள் ஏங்கினீர்கள்' என்று அல்ல, 'நீங்கள் இல்லாமல் நான் ஏங்கினேன்' என்று சொல்ல வந்திருக்கிறீர்கள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஏனென்றால் பத்து வருடம் முன்பு உங்கள் மேசையில் நீங்கள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னீர்கள். என்ன சொல்கிறார் என்று கிளிஃபோர்டைக் கேட்டேன். "ஒரு வீட்டுக்கு ரெண்டு பொம்பளை ஆகாதாம். அடுத்த கப்பல் எப்பன்னு கேக்கறா" என்றார். அதையும் இப்படிச் சிரித்த முகத்தோடு சொல்கிறாரே என்றுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதனால்தான் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். அதனால்தான் திரும்பி வரவில்லை.

கிளிஃபோர்ட் எங்களை விட்டுப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் ஒரு வரியாவது எழுதுவீர்கள் என்று மிரேய் எதிர்பார்த்தாள். நல்ல அப்பாவாகத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவார், வழியெல்லாம் விசிலடிப்பார். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனமில்லை.

வீட்டை விற்றாகிவிட்டது. முற்றத்துப் பக்க அறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் முற்றமே இல்லை. சிவப்பு ஸ்வெட்டர் எதுவும் இங்கே வரவில்லை.

ஒடில்


ஹல், 16 ஏப்ரல் 1975

கிளிஃப்,

நீ உயிரோடு இருக்கிறாய் என்பது தெரிகிறது. அதற்கு மேல் உன் நலம் கேட்க இன்று எனக்கு நா எழவில்லை.

ஒடில் எனக்கு எழுதியிருக்கிறாள். நான் அவளுக்குப் பிரெஞ்சில் எழுதினேன், அவள் பிரெஞ்சில் பதில் போட்டாள். அதுதான் ஆச்சரியம். முக்கால்வாசி புரிந்தது. உன்னைப் பற்றிய வினைச்சொற்கள் எல்லாம் அந்த நடந்துகொண்டிருந்த காலத்தில் இருந்தன. கூட்டிப்போவார், விசிலடிப்பார். என் இலக்கணத்தில்தான் ஏதோ பிழை, நான்தான் காலத்தைத் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் அகராதியோடு மல்லுக்கட்டினேன். பிறகு நேற்று வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மிஸ் பெலாமி படித்தார். ஒரு வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஐவி, உக்காருங்க. உங்க தம்பி தவறிட்டார்னு எழுதியிருக்காங்க. எங்களை விட்டுப் பிரிஞ்சுட்டார்னு இருக்கு. அங்க செத்தவங்களை அப்படித்தான் சொல்வாங்க. ரெண்டு வருஷம் ஆச்சாம்."

வகுப்பே எழுந்து நின்றது. குட்டி நாற்காலிகள் இரண்டு மூன்று கவிழ்ந்தன.

"அப்படியா? போன வியாழக்கிழமைதான் அவன் கடுதாசி வந்துச்சே" என்றேன்.

ஓல்ட்ராய்ட்தான், "அப்ப அங்க தபால் ஆபீஸ் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்.

மிஸ் பெலாமி திரும்பப் படித்தார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க ஐவி. இதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. கித்தே. சும்மா விட்டுட்டுப் போறது. பாருங்க, கடைசியில 'எ' கூட ஒண்ணு சேர்த்து எழுதியிருக்காங்க. விட்டுப் போகப்பட்டவங்க எல்லாம் பொம்பளைங்கன்னு அர்த்தம். வாயால சொன்னா இந்த எழுத்து கேக்காது, எழுதினாத்தான் தெரியும்."

கித்தே. அதே வார்த்தைதான். போகாதீர்கள் என்றாலும் கித்தே, போய்விட்டான் என்றாலும் கித்தே. காதுக்கு ஒரே ஒலி. எனக்கு வகுப்புக்கு முன்பே தெரிந்திருந்த ஒரே பிரெஞ்சு வினைச்சொல் அதுதான்.

ஆக, நீ போய் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் ஒடில் அன்பைச் சொன்னாள், தோட்டத்தில் நட்டாள், தலையைப் பிடித்துக்கொண்டாள். நத்தைகள் பாவம், அவற்றின் மீதும் பழி போட்டாய்.

அன்றைக்கு மேசையில் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம், எனக்கு இருக்கிறது. "இது உன் வீடும்மா. எப்ப வேணா வா, எத்தனை நாள் வேணா இருன்னு சொல்லுடா" என்றேன். நீ அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாய். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பயணக் களைப்பு என்று என்னிடம் சொன்னாய். அன்றிலிருந்து அவள் என்னைப் பற்றி ஒன்று நினைத்தாள், நான் அவளைப் பற்றி ஒன்று நினைத்தேன். இரண்டையும் நினைக்க வைத்தவன் நடுவில் உட்கார்ந்து கறியைத் தின்றுகொண்டிருந்தாய்.

ஃபிளாட்டைக் கேட்டுப் போனேன். மூன்று குழந்தைகளோடு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஒன்றே ஒன்று சொல். ஆமைகளுக்குப் பெயர் வைத்தது யார்?

ஐவி


லிமோஜ், 25 மே 1975

அன்புள்ள ஐவி,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம் எப்போதும். எனக்குத் தூக்கம் இல்லை, வயிறும் சரியில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு இன்னும் மோசம்.

என்னிடம் கேட்காமல் நீ அவளுக்கு எழுதியிருக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் செய்த காரியம் அது. ஆனால் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நான் உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லத்தான் இருந்தேன். நீ வகுப்பு, பொத்தான் என்று சந்தோஷமாக எழுதுவாய், அதைக் கெடுக்க மனம் வராது. அறை விஷயமும் அப்படித்தான். உனக்கு எதிர்பார்க்க ஏதாவது ஒன்று இருக்கட்டுமே என்று எழுதினேன். அதில் என்ன தப்பு?

அந்த மேசைப் பேச்சு எனக்கு ஞாபகமே இல்லை. வேகமாக மொழிபெயர்க்கும்போது ஏதாவது தவறியிருக்கும். எனக்கு அன்று பயம் இருந்தது, அது உண்மை. நீங்கள் இருவரும் சேர்ந்துவிட்டால் வருடாவருடம் வருவது, போவது, உன்னைக் கூட்டிவருவது என்று ஆகிவிடும். ஒரு மனிதனுக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? நீ நல்லவள் ஐவி, ஆனால் நீ இருக்கும் இடத்தில் எனக்கு எப்போதும் ஒன்பது வயதுதான்.

இப்போது நிக்கோல் என்று ஒருத்தியோடு இருக்கிறேன், தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. ஆமைகளுக்குப் பெயர் வைத்தது அந்தக் குழந்தைதான். ஸ்வெட்டர் அவளுக்கு உயிர், கோபித்துக்கொள்ளாதே.

நீ வந்து நிக்கோலைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஆட்சேபணை இருக்காது. இந்தக் குளிர்காலம் முடியட்டும்.

உன் தம்பி,
கிளிஃப்


ஹல், 9 ஜூலை 1975

கிளிஃப்,

நம் தெருவில் எங்கள் வரிசையின் கூரைகளைக் கழற்றிவிட்டார்கள். ஓல்ட்ராய்டின் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. அங்கே இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் தொங்குகிற ஆட்டுக்காலின் வாசனை வரும். சமையல் அடுப்பு படிக்கட்டுத் திருப்பத்தில். போன வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்சில் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். என் பலகையிலிருந்து ஒரு கம்பியை வெட்டி ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்தார்கள், நினைவுக்கு. எதற்கும் உதவாது.

உன் கடிதத்தை மிஸ் பெலாமியிடம் காட்டவில்லை, கவலைப்படாதே. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். 'சொல்லத்தான் இருந்தேன்' என்பதைப் பிரெஞ்சில் எந்தக் காலத்தில் எழுதுவது என்று. அதற்கும் அந்த முடியாத காலம்தானாம். போய்க்கொண்டே இருக்கும், போய்ச் சேராது.

ஒடிலுக்கும் எனக்கும் இடையே நாலு கடிதம் ஆகிவிட்டது. அவள் இப்போது என்னை நீ என்கிறாள், நானும் நீ என்கிறேன். ஆகஸ்டில் பதினைந்து நாள் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு மேல் அவள் அம்மா வீட்டில் இடம் இல்லை, சமையலறைக் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று ஒளிக்காமல் எழுதிவிட்டாள். போகப் போகிறேன். இது கோட்டு மாட்டிய எதிர்காலம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பதினைந்து நாள் கழித்துத் திரும்பி ஆட்டுக்கால் வாசனைக்குத்தான் வர வேண்டும், அதுவும் தெரியும். மிரேய்க்கு நீலத்தில் ஒன்று பின்னுகிறேன். இந்த முறை நானே கையில் கொண்டுபோவேன்.

ஜூன் கடைசியில் எங்களுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. லீட்ஸிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் வந்திருந்தார், வயதானவர், மரியாதையானவர். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். வேலை செய்துவந்தேன் என்று சரியான காலத்தில் சொன்னேன். தலையாட்டினார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்றேன். அவன் எங்களை விட்டுப் பிரிந்துவிட்டான் என்றேன். முதலாவதை அந்த நடந்துவந்த காலத்தில் சொன்னேன், இரண்டாவதைக் கதவு சாத்துகிற காலத்தில்.

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். லேசாகத் தலை குனிந்து, "என் ஆழ்ந்த அனுதாபங்கள், மத்மொஸெல்" என்றார். என்ன அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். திருத்துவதற்கு வேண்டிய பிரெஞ்சும் அப்போது என் வாயில் இருந்தது. "நன்றி ஐயா" என்றேன்.

வினைச்சொற்களில் பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் ஓல்ட்ராய்ட், "என்ன கேட்டாரு, ஏன் கண்ணைத் தொடைக்கறீங்க?" என்றார். "தம்பியைப் பத்திக் கேட்டாரு. இலக்கணமாச் சொன்னேன்" என்றேன்.

அந்த வார்த்தையின் கடைசியில் ஒலிக்காத 'எ' ஒன்றையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒடில், மிரேய், நான். எங்களில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் அந்த எழுத்து உதிர்ந்துவிடும், அதுதான் அவர்கள் விதி. அவர் காதில் அது விழுந்திருக்காது. நீ பார்க்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் உன் நலம் விசாரிக்கவில்லை. இறந்தவர்களிடம் அதைக் கேட்கிற வழக்கம் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

ஐவி தாக்ரே